ஒரு நல்ல பல்

மருந்தில் ஊறிச் சுண்ணாம்புச் சத்தெல்லாம் கரைந்த பல், ஹிபாவின் விரலுக்கு ரப்பர் மாதிரி வளைந்தது. இனி அதை மெல்லிசாகச் சீவி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைக்கலாம். ஆனால் அவளுக்கு மனசே சரியில்லை.

"கரைக்கறதுக்கு முன்னாடி பாத்தேனுங்க்கா. துளி சொத்தை இல்லை. இதை எதுக்குப் புடுங்குனாங்க?"

சீனியர் நந்திதா சிரித்தாள். "சொத்தை இல்லாத பல்லு வேணும்னு பொள்ளாச்சி வரைக்கும் கிளினிக் கிளினிக்கா அலைஞ்சது நீதான அம்மணி? கிடைச்சப்புறம் கேள்வி கேக்கறே."

போன் அடித்தது. ஊரிலிருந்து அவள் அப்பா.

"பல்லு புடுங்கி ஒரு மாசமாச்சு, வலி போன பாடில்ல கண்ணு. வேற டாக்டர்கிட்ட எக்ஸ்ரே எடுத்தா, சொத்தைப் பல்லு அப்படியே நிக்குது. பக்கத்துல இருந்த நல்ல பல்லைப் புடுங்கிப்போட்டாங்க."

"போய்க் கேட்டீங்களா அத்தா?"

"கேட்டேன். புடுங்குன பல்லும் சொத்தைதான்னு சாதிக்கறாங்க. அப்ப பல்லைக் காட்டுங்கன்னேன். ஆராய்ச்சிக்குக் குடுத்தாச்சாம்."

ஹிபா கையிலிருந்த பல்லை மேசையில் வைத்தாள்.

"அது முழுசாக் கையில கிடைச்சாப் போதும், கேஸ் நிக்கும்னு வக்கீல் சொல்றாரு. வாங்கிட்டுப் போன புள்ளைக்கும் உம் பேருதானாம். உங்க காலேஜான்னு கொஞ்சம் விசாரிக்கறியா கண்ணு?"