எல்லோர் திரையிலும் ஒரே கேள்வி

"யாருய்யா அது, என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேக்கறது?"

மேலாளரின் குரல் அலுவலகத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்டது. கையில் ஆறிப்போன காபி, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பேரன் எடுத்த மனிதர், பாவம்.

"சார், என் ஸ்கிரீன்லயும் அதேதான் வருது," என்றாள் கணக்குப் பிரிவு அக்கா. "ஏதோ சர்வேன்னு நினைச்சு நான் 'சம்மதம்'னு வேற அழுத்தித் தொலைச்சுட்டேன். எங்க வீட்டுக்காரர் காதுக்குப் போனா என்ன ஆகும்?"

அலுவலகமே சிரித்தது. ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு அங்கே புயல் என்று பெயர். மற்றவர்கள் ஒரு வாரம் உருட்டும் புரோகிராமை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு விசிலடிக்கிற ஆள். 'என் புரோகிராம்ல தப்பா? சான்ஸே இல்லை' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிற ஆளும்கூட. இன்று தன் திரையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கேள்வியை எழுதியவன் அவன்தான். ஆனால் ஒரே ஒருத்தி பார்ப்பதற்காக எழுதியது அது.

அந்த ஒருத்தி ஜன்னலோரம் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சல்லடை என்று பெயர். யார் எழுதிய புரோகிராமும் அவள் பார்த்துச் சரி என்றால்தான் சர்வருக்குப் போகும். இருவரும் காதலிப்பது அந்தக் கட்டடத்தில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. "ஆபீஸ்ல மூச்சு விடக்கூடாது" என்பது புயல் போட்ட சட்டம். ஒவ்வொரு தடவையும் அவள் "சரி" என்றுதான் சொல்லி வந்தாள். போன வாரம்தான் குரல் மாறியது.

"வீட்ல மாப்பிள்ளை பாத்துட்டாங்க. நீ வாயைத் திறக்கப் போறியா, இல்ல நான் அந்தப் பையனுக்குத் தலையாட்டிடட்டுமா?"

புரோகிராமில் புலி, இதில் மட்டும் பூனை. நேரில் கேட்கக் கூச்சப்பட்டு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். காலையில் வருகைப் பதிவுக்காக எல்லோரும் திறக்கும் பக்கத்தின் உச்சியில் ஒரு வரவேற்பு வரி வரும். அதைக் கொடுக்கும் சர்வீஸ் என்ற சின்னப் புரோகிராமைப் புதிதாக எழுதினான். கேள்வியைப் புரோகிராமுக்குள் வைத்தால் சல்லடை அங்கேயே பிடித்துவிடுவாள். அதனால் சர்வரில் தனியாக இருக்கும் கான்ஃபிகரேஷன் என்ற அமைப்புக் கோப்பில் வைத்தான். சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் என்ற இணைப்பு வழியாக சர்வீஸ் அங்கே போய் அதை எடுத்து வரும். கேள்விக்குக் கீழே அழுத்துவதற்கு ஒரு 'சம்மதம்' பட்டன், அதற்கும் கீழே அவளுடைய ஊழியர் எண். எண் இருந்தால் அந்த ஒருவருக்கு மட்டும், இல்லையென்றால் எல்லோருக்கும். அப்படித்தான் எழுதியிருந்தான்.

"ஒரு வணக்கம் சொல்ற சர்வீஸுக்கு எதுக்குக் கான்டெக்ஸ்ட்?" என்று நேற்று அவள் மடக்கினாள்.

"வேற வரி போடணும்னா புரோகிராமைத் தொடவே வேண்டாம் பாரு. கான்ஃபிகரேஷன்ல மாத்திட்டு சர்வரை ரீஸ்டார்ட் பண்ணா முடிஞ்சது."

"நல்ல யோசனைதான்," என்று அனுப்பிவிட்டாள்.

எண்ணைப் போட்டோமே! திரும்பத் திரும்பச் சரிபார்த்தோமே! அப்புறம் எப்படி என்று புயல் குழம்பினான்.

"இந்த சர்வீஸைப் பாத்து அனுப்பினது யாரு?" என்றார் மேலாளர்.

"நான்தான் சார்." சல்லடை எழுந்து நின்றாள். "ஆனா இந்தக் கேள்வி புரோகிராம்ல இல்லை. கான்ஃபிகரேஷன்ல யாரோ வெச்சிருக்காங்க. அதுக்கு நம்ம எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுதானே சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெச்சது யாருன்னு தெரியலைன்னா, வழி விட்டது நீ. மேலிடத்துக்கு நீதான் பதில் சொல்லணும். வேலைக்கே உலை வெச்சாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அவள் தலை குனிந்துகொண்டாள். புயலுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்தான்.

"சார், அவங்களை விடுங்க. வெச்சது நான்தான்."

"நீயா? என்னையா கேட்டே?"

"ஐயோ, உங்களை இல்லை சார்! இவளை." அவன் கை ஜன்னல் பக்கம் நீண்டது. குரல் போகப் போக உரத்தது. "இவளைத்தான் கட்டிக்கப் போறேன். ரொம்ப நாளா மறைச்சு வெச்சிருந்தேன். இனிமே யார் முன்னாடி வேணும்னாலும் சொல்லுவேன். நீ சொல்லு, என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியா?"

மேலாளர் காபியைக் கீழே வைத்தார்.

"என்னம்மா நிக்கறே? பதில் சொல்லு."

"சம்மதம் சார்," என்றாள் அவள்.

"அப்பாடா! அப்ப என் சம்மதத்தை நான் வாபஸ் வாங்கிக்கறேன்," என்றாள் கணக்குப் பிரிவு அக்கா. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. "முதல்ல அந்தக் கேள்வியை எடுத்துத் தொலைங்க, மீதியை அப்புறம் பேசிக்கலாம்," என்று சிரிப்பை மறைத்துக்கொண்டு மேலாளர் தன் அறைக்குள் போனார்.

இருவரும் ஒரே திரை முன்னால் உட்கார்ந்து கான்ஃபிகரேஷனைத் திறந்தார்கள். கேள்வி இருந்தது. எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"சத்தியமா உன் நம்பரைப் போட்டிருந்தேன். என் புரோகிராம்ல எப்படித் தப்பு வந்துச்சுன்னே புரியலை," என்று தலையைச் சொறிந்தான் புயல்.

"உன் புரோகிராம்ல ஒரு தப்பும் இல்லை," என்றாள் அவள், அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பை விட்டுக்கொண்டே. "நேத்து சாயங்காலம் அந்த நம்பரை அழிச்சுட்டு, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிட்டுப் போனது நான்தான்."