கேட்க வந்தவர்கள்

விளம்பர வாசகம் எழுதிக் கொடுப்பது அவன் சொந்தத் தொழில். வாடிக்கையாளரைப் பிடிக்கக் கட்டுரை எழுதினான், பயிலரங்கு நடத்தினான். ஒருவரும் சிக்கவில்லை. இன்று அவனுடைய முதல் மேடைப் பேச்சு.

“வேலையைத் தேடி நாம போகக் கூடாது. அது நம்மைத் தேடி வரணும்!” என்று முழங்கினான்.

அரங்கம் நிறைந்த கூட்டம் குனிந்த தலை நிமிராமல் எழுதியது. முடிந்ததும் கைதட்டித் தீர்த்தது.

இறங்கியவன் மனைவியின் காதைக் கடித்தான். “பார்த்தியா? இதுல நாலு பேர் வந்தாப் போதும், நம்ம காட்டுல மழைதான்!”

மேடையில் ஏற்பாட்டாளர் கூவினார். “அடுத்தவர் வாங்க! இன்னும் முப்பது பேர் பேசணும்.”

அவன் பதறி அவரிடம் ஓடினான். “முப்பது பேரா? இவங்க கேட்க வந்தவங்க இல்லையா? நான் பேசினதை எழுதிக்கிட்டாங்களே!”

“அவங்கவங்க பேச்சைத் திருத்திக்கிட்டிருந்தாங்க சார். எல்லாரும் உங்களை மாதிரி ஆள் பிடிக்க வந்தவங்க. கேட்க வந்தது உங்க வீட்டம்மா மட்டும்தான்.”