முதல் புதன்கிழமைச் சங்கு

“ஊருக்கு இந்தக் கோடியில நின்னுக்கிட்டு, அந்தக் கோடியில ஒருத்தர் வாய்க்குப் போன கரண்டியைத் தட்டிவிட்டவ நான். அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.”

ஒடீல் சொல்லி முடிப்பதற்குள் அர்மானுக்கு ஒயின் புரையேறியது. “ஆரம்பிச்சுட்டாங்கய்யா நம்ம சங்கு மேடம்.”

அன்றுதான் ஒடீல் தன் மருந்துக்கடைச் சாவியை மயேல் என்ற இளம் மருந்தாளுநரிடம் ஒப்படைத்திருந்தார். அதைக் கொண்டாட, எதிரே பெனுவாவின் கஃபேயில் ஆளுக்கொரு கோப்பை. அர்மான் பெனுவாவின் அக்கா புருஷன். தினமும் அதே மேசை, அதே நக்கல்.

மயேலுக்காகக் கதை முதலிலிருந்து தொடங்கியது. ஒடீல் கடை திறந்த புதிது. ஊரில் ஒரு முகமும் பழக்கமில்லை. இலையுதிர்காலம் வந்துவிட்டால் அந்த மலையூர் மருந்துக்கடைக்கு இருமலைவிடக் காளான்தான் அதிகம் வரும், ‘தின்னலாமா?’ என்று கூடையோடு வந்து நிற்பார்கள். அப்படி ஒருவர், மூக்குவரை மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். வாய் திறக்காமல் பாதிக் கூடையைக் கவிழ்த்தார். மீதியும் இதேதான் என்று சைகை. ஒடீல் பார்த்து, தின்னலாம் என்று தலையாட்டி அனுப்பிவிட்டார்.

பிறகு, காளானைக் கொட்டிய செய்தித்தாளை மடித்தால், உள்ளே ஓர் ஒடிந்த காம்பு. அதன் அடியில் பை போல வெள்ளை உறை. ஒரு குடும்பத்தையே முடித்துவிடும் நஞ்சுக் காளானின் கால். அதன் தலை கூடையோடு போய்விட்டது.

நண்பகல் நெருங்கிவிட்டது. ஒடீல் மேயர் அலுவலகத்துக்கு ஓடி, அபாயச் சங்கின் பொத்தானை அமுக்கினார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மாதத்தின் முதல் புதன்கிழமை. நண்பகலில் சங்கை ஊதிச் சோதிக்கிற நாள். எல்லோரும் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு ரொட்டியை அறுத்தார்கள்.

“நான் விடுவேனா? பொத்தான்லேர்ந்து கையை எடுக்கவே இல்லை. மேயர் கழுத்துல கட்டின துணியோட, கையில கோழிக்காலோட ஓடி வந்தார். கல்லறைத் தோட்டத்துலேர்ந்துகூட ரெண்டு பேர் எட்டிப் பார்த்தாங்க.”

காளானைத் தொடாதீர்கள் என்று சதுக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியதையும் ஒடீல் சொன்னார்.

“அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?” என்றாள் மயேல்.

“எந்த ஆள்?” அர்மான் முந்திக்கொண்டார். “ஆளும் இல்லை, கரண்டியும் இல்லை. ஊரோட சூப் ஆறினதுதான் மிச்சம். நீயே சொல்லு பெனுவா.”

பெனுவாவின் கவலை வேறு. மழை விட்டதும், காட்டில் காளான் முளைக்கும் தன் ரகசிய இடத்துக்குப் போக வேண்டும். அப்பா அவருக்கு மட்டும் காட்டிய இடம். பெண்டாட்டிக்கும் சொன்னதில்லை, கூடப்பிறந்த அக்காவுக்கும் சொன்னதில்லை. எவனாவது அங்கே கால் வைத்தால் சுட்டுவிடுவேன் என்று வழக்கம்போல் முனகிவிட்டு, புட்டி எடுக்க நிலவறைக்கு இறங்கினார்.

ஒடீலின் குரலும் இறங்கியது. “தெரியலை மயேல். யாரும் வந்து சொல்லலை. வெளியூர்க்காரரா இருந்து, சங்கு கேக்காமலே தின்னிருந்தா? கடைச் சாவியை உன்கிட்ட கொடுத்துட்டேன். இந்தப் பாரத்தை யார்கிட்ட கொடுக்கறது?”

அர்மான் நிலவறைப் படியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். நாற்காலியை நெருக்கிப் போட்டார்.

“கரண்டி உதட்டுல பட்டுடுச்சு மேடம். சங்கு நிக்கலையேன்னு ஜன்னலைத் திறந்தா, நீங்க கத்திக்கிட்டிருந்தீங்க. சட்டியோட குப்பையில போட்டுட்டேன்.”

ஒடீல் விட்ட பெருமூச்சில் மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டைகள் வாசல்வரை பறந்தன.

“பாவி மனுஷா, இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?”

படியில் பெனுவாவின் காலடி கேட்டது. அர்மான் அவசரமாக ஒடீலின் காதருகே குனிந்தார்.

“நீங்க சொன்னது அத்தனையும் நடந்தது மேடம். ஆனா அந்தக் கூடையை நான் நிரப்பினது பெனுவாவோட இடத்துல.”