பஞ்சில் படியாத பழுப்பு

நியாயம் அறிந்தவர்களே, ஒரு நிமிடம் இந்த வீட்டுக் கூடத்துக்கு வாருங்கள். வந்து இந்தக் கண்ணாடித் தொட்டியைப் பாருங்கள். கண்ணாடி பளிங்கு, தண்ணீர் பளிங்கு, மோட்டார் ஓடுகிறது, குமிழி எழுகிறது. மீன் மட்டும் இல்லை. மீனில்லாத இந்தத் தண்ணீரிடம்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கை தீர்ப்புக்குக் காத்து நிற்கிறது.

அப்படி நிறுத்தியவன் அவளுடைய அண்ணன். பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடும் வேலை அவளுக்கு வெளியூரில் கிடைத்தது. வேலை உத்தரவைக் காட்டியபோது அவன் கை ஓங்கவில்லை, குரல் உயர்த்தவில்லை. தொட்டி ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் வைத்தான்.

"ஒரு மீனை உயிரோட வெச்சுக் காட்டு. அப்புறம் எங்க வேணா போ. ஒரு மீனையே காப்பாத்தத் தெரியாதவ, வெளியூர்ல தனியா உன்னை எப்படிக் காப்பாத்திக்குவ?"

அதுவரை வாசற்கதவு பூட்டியே இருக்கும் என்பது உத்தரவு. அண்ணி கடைக்குப் போனாலும் வெளியே பூட்டிக்கொண்டுதான் போவாள். சாவிவளையம் எந்நேரமும் அவள் மணிக்கட்டில் தொங்கும்.

புதுத் தண்ணீரே மீனுக்கு நஞ்சு என்பது, விட்ட மீன் செத்து மிதந்த பிறகுதான் தங்கைக்குத் தெரிந்தது. கழிவிலிருந்து கிளம்பும் அமோனியாவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியேற வேண்டும். தானாகக் குடியேற மாதக்கணக்கில் ஆகும். வேலையில் சேர வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் கைகொடுத்தவள் அண்ணிதான். காய்கறிப் பைக்கு அடியில் மறைத்து, மீன் கடையிலிருந்து ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தாள்.

"உயிரோட இருக்கிற பாக்டீரியாவாம். ஊத்தினா ஒரு வாரத்துல தண்ணி பழகிடும்னாரு கடைக்காரரு. அதுங்க பில்டர் பஞ்சுலதான் குடியிருக்குமாம். பஞ்சு பழுப்பா, வழவழன்னு ஆச்சுன்னா குடிவந்தாச்சுன்னு அர்த்தம். குழாய்த் தண்ணி மட்டும் பஞ்சு மேல படக் கூடாதாம், குளோரின் கொன்னுடுமாம்."

"அண்ணன் கண்ல பட்டுட்டா?"

"உங்கண்ணன் என்னிக்குடி காய்கறிப் பையைத் தொட்டிருக்காரு?"

தங்கை ஊற்றினாள். முடை நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. நுண்ணுயிர்களுக்கு இரை வேண்டுமே என்று சிட்டிகை மீன் தீனி தூவினாள். வாளியில் பிடித்து, குளோரின் போக ஆறவைத்த தண்ணீரைத் தவிர வேறெதையும் சேர்க்கவில்லை. காலைதோறும் சிறு கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரை எடுத்து, அமோனியாவைக் காட்டும் சோதனைச் சொட்டு விட்டுப் பார்ப்பாள். மஞ்சள் என்றால் விடுதலை, பச்சை என்றால் நஞ்சு. பச்சை. மறுநாளும் பச்சை.

"என்ன எஞ்சினியரம்மா, தினம் பச்சைக்கொடி காட்டுதே. இன்னும் கெளம்பலையா?" என்று அண்ணன் சாப்பாட்டு மேசையில் சிரித்தான்.

"பாவம், விடுங்க" என்றாள் அண்ணி, தலை நிமிராமல். அவள் பரிமாறிய கையில் அந்த முடை வாடை லேசாக அடித்தது. பாட்டிலை மறைத்துக் கொண்டுவந்த கை அல்லவா என்று தங்கைக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

வாரம் ஓடிவிட்டது. பாட்டில் காலி. பில்டரைத் திறந்தால், பஞ்சு, கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே வெள்ளை வெளேரென்று இருந்தது. அண்ணன்தான் கை வைக்கிறான் என்று முடிவுகட்டினாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

விடுமுறை நாள். அவன் சோபாவில் சாய்ந்திருந்தான். குளிப்பதுபோல் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் காத்திருந்தாள். சற்றுநேரத்தில் கூடத்தில் மோட்டார் சத்தம் நின்றது.

அடிமேல் அடிவைத்து வந்தாள். அண்ணன் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சாவிவளையம் குலுங்கும் ஓசை சமையலறையிலிருந்து வந்தது. அங்கே, கொட்டும் குழாயின் கீழே பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாள் அண்ணி.

"மறைச்சு வாங்கிட்டு வந்ததே நீங்கதானே, அண்ணி?"

அண்ணி திரும்பவில்லை. பிழிவதையும் நிறுத்தவில்லை.

"நீ போகணும்னுதான் வாங்கிட்டு வந்தேன். ஊத்தின பிறகுதான் உறைச்சுது. நீ போயிட்டா, இந்த வீட்ல பூட்டி வெக்க நான் ஒருத்திதான் மிச்சம்."

நியாயம் அறிந்தவர்களே, தொட்டியை விடுங்கள். நனைந்த அந்த மணிக்கட்டைப் பாருங்கள். சிறைப்பட்டவர் இருவர், சாவியும் அவர்கள் கையில். தண்ணீர் பழக வேண்டும், மீன் பிழைக்க வேண்டும், ஓர் ஆண்பிள்ளை தலையசைக்க வேண்டும் என்று காத்துக் கிடந்தார்களே, கதவைத் திறக்கலாம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. உங்கள் வீட்டில் யார் எந்தத் தொட்டியின் முன்னால் காத்து நிற்கிறாள் என்று இன்றே போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு, இந்தத் தங்கை சொன்னதை அவளிடம் சொல்லுங்கள்.

தங்கை கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"பஞ்சைக் கீழ போடுங்க, அண்ணி. செருப்பை மாட்டுங்க."