ஐந்நூறு மீட்டர் ஆழத்து முடிச்சு

கடல் வெப்பத்தை அளக்கும் மிதவையின் நங்கூரக் கயிற்றைக் கப்பலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அடியில் மீன் கூடும் என்பதால் மீனவர்கள் மிதவையில் படகைக் கட்டுவதுண்டு. ஆனால் இப்போது நங்கூரக் கயிற்றோடு மேலே வந்த படகுக் கயிறு அதில் கட்டப்பட்டிருந்தது ஐந்நூறு மீட்டர் ஆழத்தில். அதன் மறுமுனை கடலுக்குள் விறைத்து இறங்கியது.

"அறுத்து விடுப்பா," என்று கத்தியை விரித்து நீட்டினார் பொறியாளர்.

கப்பல் வேலையாள் கஸ்பார் முடிச்சைத் தடவினான். "எங்கண்ணன் போடுற முடிச்சு சார். படகை ஓட்டுனதும் அவந்தான். படகோட காணாமப் போன நாலு பேரை ஆறு மாசமாத் தேடுறோம்."

மூடுபனியில் மீனவர்கள், எல்லாரும் இருக்கிறார்களா என்று கயிற்றை இருமுறை இழுத்துக் கேட்டால், மறுபக்கப் படகில் ஆளுக்கொரு முறை இழுத்துப் பதில் சொல்வார்கள். படகோட்டி எப்போதும் கடைசி.

கஸ்பார் இருமுறை இழுத்தான்.

கீழிருந்து ஓர் இழுப்பு வந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது.

பொறியாளர் கத்தியை மடக்கினார். நான்காவதற்காகக் கஸ்பார் கயிற்றை விடவில்லை.