மூன்றாவது காது

பூரிக்கட்டை சொன்ன ஒரு கதையைப் பிரஷ் பல வருஷமாக முழுசாக நம்பியதில்லை.

பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கும் ஜெசிந்தா, கரடி கேக் என்றால் சர்க்கரை மாவில் மூன்று காதுகள் பிடிப்பாள். இரண்டு கரடிக்கு. மண்டபத்துக்குக் கொண்டுபோகும் வழியில் ஒன்று உடைந்தால் தண்ணீர் தொட்டு ஒட்ட மூன்றாவது. ஒட்டுவது பிரஷ்ஷின் வேலை. ஒரு தடவை, தட்டில் காய்ந்த இரண்டு நாளும் மூன்றாவது காது பிரஷ்ஷை விடவில்லை.

"என்னை எப்ப ஒட்டுவீங்கண்ணே?"

"அதுல ஒண்ணு உடையட்டும்."

"உடையலேன்னா?"

"கூடவாவது வருவே இல்ல? பிறந்தநாள் கூட்டத்தைப் பார்க்கலாம். உன்னை விட்டுட்டு நான் போவேனா?"

ஆனால் புறப்படும் அவசரத்தில் ஜெசிந்தா பிரஷ்ஷை மட்டும் டப்பாவில் போட்டு மூடினாள். காது தட்டிலேயே கிடந்தது. பிரஷ் ஒரு சத்தமும் போடவில்லை. மண்டபத்தில் கேக்கை வெட்டினார்கள், கைதட்டினார்கள். அன்று எதுவும் உடையவில்லை.

திரும்பி வந்தபோது தட்டு காலி.

"எறும்புங்க வந்துச்சுப்பா," என்றது பூரிக்கட்டை. "ராஜா மாதிரி தூக்கிட்டுப் போச்சுங்க. காதும் சிரிச்சுக்கிட்டேதான் போச்சு. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காதே."

அதன்பிறகு எத்தனையோ கரடிகள் வந்து போயின. பிரஷ்ஷின் மயிர் பாதி கொட்டிவிட்டது. புதுக் காதுகள் எது கேட்டாலும் அது வாய் திறப்பதில்லை. ஒரு மத்தியானம், கழுவிய பூரிக்கட்டை பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது, பிரஷ் கேட்டே விட்டது.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. எறும்பு வர்ற வரைக்கும் அது என்னைக் கூப்பிட்டுச்சா?"