மணமகளுக்கு இடப்புறம்

“அம்மா, மேடைக்கு வாங்க!”

அந்தக் குரல் குண்டசாலைக் கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசைவரை வந்தது. அழைத்தவள் மணமகள் கிருஷாந்தி. ஜெயராணியின் ஒரே மகள்.

ஜெயராணி உடனே எழவில்லை. காதில் விழுந்ததை நம்புவதற்குச் சிறிது நேரம் பிடித்தது.

கணவர் ராஜலிங்கம் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. தாலி கட்டும்போது மட்டுமன்று, கட்டிய பிறகும் மேடைப் பக்கம் வரவேண்டாமென்று மாப்பிள்ளையின் அத்தை மிக மரியாதையாக, தேநீர் கொடுத்து உபசரித்துவிட்டே, சொல்லியிருந்தார். கைம்பெண் நின்றால் ஆகாதாம். அப்போது கிருஷாந்தியும் அருகில்தான் இருந்தாள். நகப்பூச்சு காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆதலால் கன்னிகாதானத்தைக் கணவரின் தம்பியும் அவர் மனைவியும் செய்தார்கள். ஜெயராணி அதைச் சாப்பாட்டு அறை வாசலில் மாட்டியிருந்த திரையில் பார்த்தாள்.

மண்டபத்துக்குள் யார் இருந்தார் என்பதை நாளைக்கு எவரும் நினைக்கப்போவதில்லை, படத்துக்குள் யார் இருந்தார் என்பதே நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். மகளோடு ஒரு படம். ஆசை அவ்வளவுதான்.

காலையில் அவள் இன்னொரு படத்தையும் தேடியிருந்தாள். ராஜலிங்கம் கோட்டு அணிந்து நின்று எடுத்த ஒரே படம். மாலை சாத்தி மண்டப வாசலில் வைப்பதாகச் சொல்லி, சென்ற வாரம் கிருஷாந்தி அதைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போனாள். வாசலில் அது இல்லை. கல்யாண அவசரம், மறந்திருப்பாள்.

“சுணங்காம வாங்கம்மா! சுதேஷ் அண்ணே எவ்வளவு நேரம் கேமராவத் தூக்கிக்கிட்டு நிப்பாரு?”

இம்முறை மாப்பிள்ளையின் அத்தையே வரச்சொல்லித் தலையசைத்தார்.

ஜெயராணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு படியேறினாள். உறவினர்கள் வழிவிட்டார்கள். மணமகளுக்கு இடப்புறம், சித்தப்பாவுக்கு முன்னால், சரியாக ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

படப்பிடிப்பாளன் சுதேஷ் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“ஒயரம் சரி. நெழலும் நல்லா விழுது.”

ஜெயராணிக்குக் கண் கலங்கியது. அத்தையை மன்னித்தாள். நகப்பூச்சையும் மன்னித்தாள். நெருங்கி நின்று, மகளின் தோளோடு தோளைச் சேர்த்துக்கொண்டாள்.

கிருஷாந்தி புன்னகை குலையாமல், கேமராவைப் பார்த்தபடியே சொன்னாள்:

“ஒட்டாதீங்கம்மா. பொறகு படத்துலருந்து ஒங்கள எடுத்துட்டு, இந்த எடத்துல அப்பாவ வைக்கணும். தோள் பட்டா வெட்ட ஏலாது.”

ஜெயராணி ஒரு விரற்கடை விலகி நின்றாள்.

சுதேஷ் கேமராவைக் கண்ணருகே உயர்த்தினான்.

“எல்லாரும் சிரிங்க! அம்மா, நீங்க சும்மா நின்னாப் போதும்.”